முக்காலே அரைக்கால்

வெர்லின் ஓக்ஸ் செத்த மூன்றாம் மாதம்
கராஜைத் திறந்து விற்றார்கள்.
பனிச்செருப்பு, ரம்பம், காபி டப்பா நிறையக் காலித் தோட்டாக் கூடுகள்,
பச்சை பெயின்ட் உரிந்த ஒரு ரீலோடிங் பிரஸ்.
நாற்பது டாலர்.
ஸ்கூல் பஸ்ஸின் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தேன்.
லூயிஸ்டவுன் தாண்டுவதற்குள் பிள்ளைகள்
அதற்கு பெர்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டை என்னிடம் இருந்தது. புதிது.
உடம்பு முக்காலே அரைக்கால் அங்குலம்,
அங்குலத்துக்குப் பதினாலு மரை.
பெர்ட்டின் வாயோ ஒண்ணேகால்.
அப்பன் கோட்டுக் கையில் பிள்ளையின் கை மாதிரி
உள்ளே லொடலொடவென்று ஆடியது டை.

எல்க் சீசனுக்கு ஐந்து நாள்.
இரும்புக்கடை டோரன்ஸ் சொன்னான்:
"நடுவில் ஒரு வளையம் இருந்திருக்கும்,
வெளியே பெரிய மரை, உள்ளே சின்ன மரை.
அது இல்லாவிட்டால் மரை கழன்ற கேஸ்தான்."
பிரஸ்ஸைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான்.

ஆர்டிஸ் ஓக்ஸின் கதவைத் தட்டினேன்.
விதவை என்றால் அவளுக்குக் கோபம் வரும்.
"ஒரு தட்டுக்குச் சமைக்கிறேன், அவ்வளவுதான்" என்பாள்.
தேடவேயில்லை அவள். சமையலறை ஜன்னலைக் காட்டினாள்.
அங்கே நின்றது வளையம்,
வாயில் பாதி எரிந்த மெழுகுவத்தியோடு.

கடையில் விற்கிற மெழுகுவத்திக்கும்
அதே முக்காலே அரைக்கால்.

"கரண்ட் போன ராத்திரி அவர்தான் கழற்றிக் கொண்டுவந்தார்.
வேறெதிலும் இது நேராக நிற்கவில்லை.
காலையில் திரும்ப எடுத்துப்போவார் என்று பார்த்தேன்.
எடுக்கவில்லை.
கண் போய்விட்டது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது."
சொல்லிவிட்டு மெழுகுவத்தியைத் திருகி எடுத்து
இழுப்பறையில் போட்டாள்.

வெந்நீரில் மெழுகு விட்டது, மரையிடுக்கில் கொஞ்சம் தங்கிற்று.
பிரஸ், வளையம், டை:
மூன்றும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

முதல் கூட்டுக்கு எண்ணெய் பூசியதில் கஞ்சத்தனம்.
பாதி தூரம் போய்ச் சிக்கியது. கைப்பிடியில் தொங்கினேன்.
அடிவிளிம்பு பிய்ந்து வந்தது, உடம்பு உள்ளேயே.
துளை போட்டு, மரை வெட்டி, திருகாணி விட்டு
கடைவாய்ப்பல் மாதிரிப் பிடுங்கி முடிக்கையில் மணி பதினொன்று.
இரண்டாவதற்கு வழிய வழியப் பூசினேன்,
தோளில் பள்ளம் விழுந்தது.
மூன்றாவது ஒழுங்காக வந்தது.
ஆனால் என் ரைஃபிளில் போட்டால் போல்ட் மூடவில்லை.

பித்தளைக்குக் கழுத்து உண்டு, தோள் உண்டு.
வெடிக்கிற நொடியில் தான் இருந்த அறையின் அளவுக்கு
அது ஊதிக்கொள்கிறது.
இவை வெர்லினின் ரைஃபிளுக்கென்று ஊதியவை,
எத்தனையோ நவம்பர்கள்.
கூடு விட்டுக் கூடு பாய்வதென்றால் சும்மாவா,
தோளை இறக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டையை ஒரு நூலிழை இறக்கினேன். மூடவில்லை.
இன்னும் அரை இழை.
மூடியது, ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி,
தானாக விரும்பியதுபோல.
பூட்டு வளையத்தை இறுக்கினேன், அந்த இடம் தொலையாமலிருக்க.
தூங்கப் போகுமுன் பதினேழு கூடுகள்.
வெர்லினின் அளவில் ஒன்றை மட்டும் தொடாமல் வைத்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

காலையில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள் ஆர்டிஸ்,
குளியல் அங்கியும் பனி பூட்ஸுமாக.
"சீசன் முடிந்ததும் வளையம் வீட்டுக்கு வரணும்.
டிசம்பரில் கரண்ட் போகும்."
சரி என்றேன்.
"பெர்ட்டுக்கு வாய் திறந்தே இருக்குமே" என்றது
மூன்றாம் சீட்டிலிருந்து ஒரு குரல்.
பின்தொடை ஒன்றும் வேண்டும் என்றாள்.
அதற்கும் சரி என்றேன்,
இன்னும் சுடாத மானிலிருந்து.